எழவில்லை என்றொரு பதில்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாக வேலையில் சேர்ந்தவளாம். சட்டமன்றக் கேள்வி ஒன்று வந்திருக்கிறது, பதில் தயாரிக்கச் சொல்கிறார்கள், பழைய ஆட்களில் இதெல்லாம் தெரிந்தவர் யார் என்று விசாரித்ததில் என் பெயர் கிடைத்ததாம். "மேடம், முதல் பகுதிக்கு 'இல்லை'ன்னு போட்டுட்டேன். ரெண்டாவதுக்கு 'எழவில்லை'ன்னு போட்டா போதுமுங்களா?" என்று கேட்டாள். அதைப் போடுவதற்கு முன்னால் ஒரு விஷயம் சொல்கிறேன் கேள் என்றேன். சாயங்காலத்துக்குள் மெயில் போயாக வேண்டும் மேடம் என்று வைத்துவிட்டாள். அவளிடம் சொல்ல முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது. பென்ஷன்காரர்களுக்கு அரசாங்கம் தாராளமாக வழங்குவது அது ஒன்றைத்தான்.

நான் தமிழ் டைப்பிஸ்ட். எழுபதுகளின் தொடக்கத்தில், ஆட்சிமொழி தமிழ் என்று அறிவித்துப் பல வருஷம் கழித்து ஆபீஸுக்கு ஆபீஸ் தமிழ் டைப்ரைட்டர் வந்து இறங்கிய காலத்தில் வேலைக்கு வந்தவள். பொம்மையார்பாளையத்தில் பிறந்தவள், கன்னியாஸ்திரிகள் நடத்திய தட்டச்சுப் பள்ளியில் லோயரும் ஹையரும் பாஸ் செய்தவள். என் பயிற்சி பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. மரக்காணத்தில் வாடகைக்குக் குடியிருந்துகொண்டு பஸ் பிடித்துத் தாலுகா ஆபீஸுக்குப் போய்வந்தேன். எந்தத் தாலுகா என்று கேட்காதீர்கள். எல்லாத் தாலுகாவும் ஒன்றுதான்.

சாதாரண நாளில் எங்கள் ஆபீஸில் ஈ ஓட்டுவதற்கே ஆள் எழுந்திருக்க மாட்டார்கள். சட்டமன்றம் கூடினால் மட்டும் ஒருவரும் நாற்காலியில் உட்கார மாட்டார்கள். மெட்ராஸிலிருந்து கலெக்டர் ஆபீஸுக்குத் தந்தி வரும். அங்கிருந்து ஜீப்பில் ஆள் வருவான். கையில் ஒரு காகிதம், அதன் தலையில் சிவப்பு மையில் 'அவசரம், சட்டமன்றக் கேள்வி' என்று இருக்கும். தாசில்தார் அதைத் தொடாமலே படிப்பார். ரெவின்யூ இன்ஸ்பெக்டரிடம் போகும், அவர் ஊர்க் கணக்குப்பிள்ளையான கர்ணத்திடம் தள்ளுவார். கர்ணம்தான் உண்மையாகவே வெயிலில் நடந்து போய் நாலு பேரைப் பார்த்து என்ன நடந்தது என்று எழுதுவார். அப்புறம் அது மேலே ஏறத் தொடங்கும். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்து, கோட்டைக்குப் போய்ச் சேரும்போது மந்திரி ஒரே மூச்சில் படிக்கும் அளவுக்குச் சிறுத்திருக்கும்.

அந்தக் கழித்தல் வேலையில் எங்கள் ஹெட் கிளார்க் தணிகாசலத்தை மிஞ்ச ஜில்லாவிலேயே ஆள் கிடையாது. ஒல்லியான மனிதர். வெளுத்த வேட்டி, பொத்தான் கழுத்துவரை போட்ட அரைக்கை சட்டை. கேள்வித்தாள் வந்ததும் மேஜையைத் துடைக்கச் சொல்லுவார். தாளை நடுவில் வைத்து, இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு, உதடு அசையாமல் படிப்பார். படித்து முடித்துப் பேனா மூடியைத் திறப்பார், மூடுவார், மறுபடி திறப்பார். அவர் மூடியைக் கழற்றிப் பேனாவின் பின்பக்கம் செருகிவிட்டார் என்றால் பதில் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

"ஏம்மா, கேள்வின்னா அரிசி மாதிரி. எப்படிப் பொறுக்கி வச்சாலும் அதுல ஒரு கல்லு இருக்கும். நாம அரிசியைப் பார்க்கக் கூடாது. கல்லைப் பார்க்கணும்" என்று எனக்குச் சேர்ந்த புதிதிலேயே சொல்லிக் கொடுத்தார்.

அதாவது, கேட்கிறவர் ஏதோ ஒரு வார்த்தையைத் தவறாகப் போட்டிருப்பார். ஏரி என்று எழுதியிருப்பார், கணக்குப்படி அது குட்டையாக இருக்கும். 'ஏரி உடைந்தது உண்மையா' என்று கேட்டால் 'இல்லை' என்று சொல்லிவிடலாம். ஊர் தண்ணீரில் மிதந்தாலும் ஏரி உடையவில்லை, உடைந்தது குட்டைதானே? முதல் பகுதிக்கு 'இல்லை' என்று வந்துவிட்டால், 'உண்மையெனில் அரசு என்ன செய்யப்போகிறது' என்ற இரண்டாம் பகுதிக்கு ஒரே ஒரு சொல் போதும். எழவில்லை. அதாவது, முதலாவதே இல்லை என்றான பிறகு இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஒரு சொல்லில் அரசாங்கம் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டுவிடும். அந்த வருஷங்களில் நான் என் பெயரை அடித்ததைவிட அதிகமாக அடித்த சொல் அதுதான்.

செல்வி என்றொரு பெண்ணைப் பற்றிய கேள்வி இந்த மேஜைக்குத்தான் வந்தது.

மரக்காணத்தில் உப்பளங்களுக்கும் குப்பங்களுக்கும் நடுவே கழி ஒன்று கிடக்கிறது. கடல் உள்ளே நுழைந்து படுத்துக்கொண்ட தண்ணீர். கோடையில் முழங்கால் அளவு இருக்கும், உப்பு வாரப் போகும் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தே கடந்துவிடுவார்கள். மழை பிடித்தால் அதே கழி எந்த நேரம் எவ்வளவு ஏறும் என்று சொல்ல முடியாது. உப்புப் பருவம் முடிகிற சமயம் எதிர்பாராமல் மழை கொட்டியது. பாத்திகளிலிருந்து வாரிக் குவித்த உப்பு அம்பாரங்கள் கரைந்துவிடக் கூடாது என்று, கீற்று போட்டு மூடக் கூப்பிட்டார்கள். அஞ்சலை என்பவளின் மூத்த மகள் செல்வி மற்றப் பெண்களோடு போனாள். மூடிவிட்டுத் திரும்பும்போது கழி ஏறியிருந்தது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள். அவள் சேரவில்லை. அடுத்த மாதம் அவளுக்குக் கல்யாணம் பேசியிருந்தார்கள்.

அஞ்சலைக்கு இன்னொரு மகள் இருந்தாள், பூங்காவனம். குடும்பம் ஓட வேண்டுமே, அக்காள் போன வேலைக்குத் தங்கை போக ஆரம்பித்தாள். அதே கழியில் இறங்கித்தான். அஞ்சலை கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று, கழிமேல் ஒரு நடைபாலம். செத்தவளுக்காக அல்ல, இருக்கிறவளுக்காக. எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. எதிர்க்கட்சிக்காரர். அவர் காலில் விழாத குறையாகக் கேட்டாள். அவரும் கேள்வி போட்டார்.

கேள்வி இப்படி இருந்தது: (அ) மரக்காணம் உப்பளத்தில் மூழ்கி செல்வி என்ற தொழிலாளி இறந்தது உண்மையா? (ஆ) உண்மையெனில், அங்கு நடைபாலம் கட்ட அரசு முன்வருமா?

கர்ணம் நடந்ததை நடந்தபடியே எழுதி அனுப்பியிருந்தார். தணிகாசலம் அதைப் படித்துவிட்டு ஓரமாக வைத்தார். கேள்வித்தாளை நடுவில் வைத்தார். பேனா மூடி திறந்தது, மூடியது. சீக்கிரமே பேனாவின் பின்பக்கம் போய் உட்கார்ந்தது.

"உப்பளத்தில் மூழ்கியாம்! பாத்தியில எவ்வளவு தண்ணி நிக்கும்மா?"

"கணுக்கால் அளவு இருக்கும் சார்."

"கணுக்கால் தண்ணில எப்படி மூழ்கறது? அந்தப் பொண்ணு கழியில இல்ல போயிருக்குது? அடி. அ, இல்லை. ஆ, எழவில்லை."

கர்ணத்தின் அறிக்கையை என்ன செய்வது என்று கேட்டேன். "அது உண்மை. பதிலோட சேர்த்து அனுப்பக் கூடாது" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. அவருக்கு விளையாட்டு வராது.

தாசில்தாருக்கு ரொம்ப சந்தோஷம். கல் கிடைக்காமல் போயிருந்தால், உப்பு மத்திய அரசின் பொருள், ஆகவே டெல்லியைக் கேட்க வேண்டும் என்று எழுதத் தயாராக இருந்தாராம். உப்பு டெல்லியுடையது, தண்ணீர் மெட்ராஸுடையது. நடுவில் செத்தவள் மட்டும் யாருடையவளும் இல்லை.

சட்டமன்றத்தில் நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் எம்.எல்.ஏ.வே மரக்காணம் கடைத்தெருவில் மேடை போட்டு நடித்துக் காட்டியதால் பார்த்தவர்களைவிட நன்றாகவே எனக்குத் தெரியும். என் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரில்தான் ஒலிபெருக்கி. மந்திரி எழுந்தாராம். 'இல்லை' என்றாராம். 'எழவில்லை' என்றாராம். உட்காரப் போனாராம். இவர் துள்ளி எழுந்து துணைக்கேள்வி கேட்டாராம்.

"என்ன கேட்டேன் தெரியுமா? மாண்புமிகு அமைச்சர் அவர்களே! எழவு இல்லையா? எழவு வீட்டுக்கு நான் போய்ட்டு வந்தேன்! தாய் மாரடிச்சு அழுவுறா! எழவு இல்லைன்னு சொல்ற இந்த அரசாங்கத்துக்குத்தான்யா எழவு!"

கடைத்தெருவில் விசில் பறந்தது. சட்டமன்றத்திலும் பறந்திருக்க வேண்டும். அந்தச் சொல்லை அவைக்குறிப்பிலிருந்து நீக்க வேண்டும் என்று ஆளுங்கட்சி நாற்காலியை விட்டு எழுந்ததாம். எழவு என்பது சபைக்கு ஒவ்வாத சொல்லா, இல்லையா என்று சபாநாயகர் யோசித்தாராம். அமைச்சரே சொன்ன சொல்தானே, அவருடையதையும் நீக்குங்கள் என்று எதிர்க்கட்சி கத்தியதாம். நீங்கள் ஆண்டபோது எத்தனை பாலம் கட்டினீர்கள் என்று இவர்கள் கேட்க, நீங்கள் ஆளுகிறீர்களே எத்தனை கட்டினீர்கள் என்று அவர்கள் கேட்க, கேள்வி நேரம் முடிந்து மணி அடித்துவிட்டதாம். மக்களாட்சி எவ்வளவு சுறுசுறுப்பாக இயங்கியது பாருங்கள். இத்தனையும் சொன்ன எம்.எல்.ஏ., செல்வியின் பெயரை மேடையில் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கூட்டத்தின் முன்வரிசையில், மண்ணில், அஞ்சலை உட்கார்ந்திருந்தாள்.

இரண்டு நாள் கழித்து ஆபீஸுக்கு வந்தாள். கூட பூங்காவனமும் வந்தாள். யாரையும் கேட்காமல் நேராக என் மெஷினுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏம்மா, நீதான் அடிக்கிறவளாமே? என் வூட்ல எழவு இல்லன்னு நீ அடிச்சியா?"

கத்தவில்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள். தணிகாசலம் எழுந்து வந்தார். ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் அவருக்குத் தாங்காது.

"இந்தாம்மா, அது எழவு இல்ல. அந்த எம்.எல்.ஏ. வேணும்னே பிரிச்சுச் சொல்றான். எழவில்லைன்னா வேற அர்த்தம்."

"இன்னா அர்த்தம் சாமி?"

"எழவில்லைன்னா... எழும்பலன்னு அர்த்தம். மேல வரலன்னு."

அஞ்சலை அவரையே பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"ஆமா சாமி. மேல வரல. அன்னைக்கு ராவு பூரா கரையில குந்தினு இருந்தேன். விடிஞ்சும் வரல. அப்பால வலை போட்டுத்தான் எடுத்தாங்க. நீ கரெக்டாத்தான் எழுதிக்கீற."

தணிகாசலம் கையில் பேனா இருந்தது. மூடியைத் திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை. பூங்காவனம்தான் தாயின் தோளைப் பிடித்துக்கொண்டு, "வா, போவலாம்" என்றாள். போகும்போது அஞ்சலை திரும்பி, "அப்ப பாலம் வராதா?" என்று கேட்டாள். எங்கள் ஆபீஸில் எல்லாக் கேள்விக்கும் பதில் உண்டு. ஆனால் அது சிவப்பு மையில் வந்த கேள்வி இல்லை. எனக்கு அன்று அந்த அறையில் இருந்த எல்லோர்மேலும் ஆத்திரம் வந்தது, மெஷின்மேல்கூட.

மந்திரிக்குச் சபையில் அவமானம் என்றால் சும்மா விடுவார்களா? 'எழவில்லை என்ற சொல் எவ்வாறு இடம்பெற்றது, விளக்கம் தருக' என்று மேலிருந்து ஓலை வந்தது. தாசில்தார் லீவு போட்டுவிட்டார். தணிகாசலம் மேஜையைத் துடைக்கச் சொன்னார். கேள்வித்தாளை வைப்பதைப் போலவே, தான் சொல்லி நான் அடித்த பழைய பதிலின் நகலை நடுவில் வைத்தார். கையை மடியில் கட்டிக்கொண்டு படித்தார். கல் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. இந்தத் தடவை அவருடைய அரிசியிலேயே.

"அடிம்மா" என்றார். நான் அடித்தது இதுதான்: "எழவில்லை என்ற சொல் இலக்கணப்படியும் நடைமுறைப்படியும் சரியானதே. அதற்கு முன்னர் உள்ள 'இல்லை' என்ற சொல்லே தவறு. மேற்படி செல்வி கழியில் மூழ்கி இறந்தது உண்மை. கர்ணத்தின் அறிக்கை இணைக்கப்பட்டுள்ளது."

"சார், இது உங்க தலைமேல வந்து விழும்" என்றேன்.

"விழட்டும். தப்பான பதிலுக்குச் சரியான சொல்லு போட்டிருக்கோம்னு எத்தனை நாளைக்கும்மா சொல்லிக்கிறது?"

அரசாங்கம் அந்த விளக்கத்தை மிகுந்த அக்கறையோடு பரிசீலித்தது என்பதற்குச் சான்று இருக்கிறது. கொஞ்ச நாளில் எல்லா ஆபீஸுக்கும் சுற்றறிக்கை வந்தது. இறப்பு சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கான பதிலில் இனிமேல் 'எழவில்லை' என்று எழுதக் கூடாது, 'பொருந்தாது' என்று எழுத வேண்டும். அவ்வளவுதான். செத்தவள் செத்ததைப் பற்றி ஒரு வரி கிடையாது, பாலத்தைப் பற்றி ஒரு வரி கிடையாது. கூடவே தணிகாசலத்துக்கு மலையடிவார ஊர் ஒன்றுக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, என்னிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார்.

எம்.எல்.ஏ.வோ ஒரே நாளில் பெரிய ஆளாகிவிட்டார். போகிற ஊரிலெல்லாம் அந்த எழவு வசனத்தைப் பேசச் சொல்லிக் கேட்டார்கள். அடுத்த கூட்டத்தொடரில் வேறு எதற்கோ கேள்வி போட்டார். பாலத்தைக் கேட்கவே இல்லை. ஏன் கேட்க வேண்டும்? பாலம் வந்துவிட்டால் வசனம் போய்விடுமே.

அவர் செய்த ஒரே தவறு, குப்பத்துக்கே நேரில் வந்து மாலை வாங்கிக்கொள்ள ஆசைப்பட்டதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து நான் மாதா கோயிலிலிருந்து வரும்போது குப்பத்துப் பக்கம் மேளச் சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். முந்தின நாள் மழையில் கழி நிறைந்து கிடந்தது. எம்.எல்.ஏ. இக்கரையில் கார் ஓரமாக நிற்கிறார், கூடவே பத்திரிகைக்காரர் ஒருவர் காமிராவோடு. மாலையை வைத்துக்கொண்டு அஞ்சலையும் உப்பளப் பெண்களும் அக்கரையில், உப்பளத்துப் பக்கம் நிற்கிறார்கள்.

"ஏம்மா, மாலையை இங்க எடுத்தாங்க!" என்று கட்சிக்காரன் ஒருவன் கத்தினான்.

"நாங்க தினம் இதுல எறங்கித்தான் வர்றோம். இன்னைக்கு ஐயா எறங்கி வரட்டும்!" என்று அஞ்சலை பதில் கத்தினாள்.

"தண்ணி ஜாஸ்தியா இருக்குதும்மா!"

"ஆமா. அதான் சொல்றோம்."

எல்லாப் பெண்களும் சிரித்தார்கள். காமிரா தயாராக இருந்தது. அவர் வேட்டியை மடித்துக் கட்டினார், ஓரடி வைத்தார், இன்னோரடி வைத்தார். நடுவில் மார்புவரை போனதும் முகம் வெளுத்துவிட்டது. சட்டமன்றத்தையே கிடுகிடுக்க வைத்த வாய், "ஏய், புடிங்கடா!" என்று கூவியது. பூங்காவனம்தான் நீந்திப் போய்க் கையைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாள். மாலையும் போட்டாள். படம் பத்திரிகையில் பெரிதாக வந்தது. 'மக்களுக்காகக் கழியில் இறங்கிய எம்.எல்.ஏ.' என்று தலைப்பு. அவரை இறக்கியது யார், ஏற்றியது யார் என்று அதில் இல்லை.

ஆளுங்கட்சிக்குப் பொறுக்குமா? அவர் இறங்கிய இடத்துக்கு நம் மந்திரியும் வந்தாக வேண்டும் என்று உள்ளூர்க்காரர்கள் ஒற்றைக் காலில் நின்றார்கள். மந்திரிகள் கழியில் இறங்கும் வழக்கமில்லை. மந்திரி நனையாமல் அக்கரை போவதற்கு என்ன வழி என்று அதிகாரிகள் கூடி ஆலோசித்தார்கள். அப்படித்தான், அடுத்த மழைக்கு முன்பே, மரக்காணம் கழிக்கு நடைபாலம் வந்தது. உப்பு யாருடையது, தண்ணீர் யாருடையது என்று ஒருவரும் கேட்கவில்லை. டெல்லிக்கு ஒரு கடிதம்கூட நான் அடிக்கவில்லை.

திறப்பு விழாவுக்கு எங்கள் ஆபீஸ் முழுவதையும் வரச் சொல்லியிருந்தார்கள். மந்திரி ரிப்பன் வெட்டினார். எம்.எல்.ஏ.வும் அழைக்காமலே வந்து, கேள்வி கேட்டு வாங்கிய பாலம் இது என்று தன் ஆட்களோடு கோஷம் போட்டார். கொடுத்தது நாங்கள் என்று அவர்கள் பதில் கோஷம் போட்டார்கள். பாலத்தின்மேல் யார் முதலில் நடப்பது என்று தள்ளுமுள்ளு. அதற்குள் பூங்காவனம் கூடையோடு விறுவிறு என்று பாதி தூரம் போய்விட்டாள், உப்பளத்தில் வேலைக்கு நேரமாகிவிட்டதாம். பின்னாலேயே இரு கட்சிகளும் கரை வேட்டி காற்றில் படபடக்க நடந்தன. அவர்களுக்குப் பின்னால் நாங்களும் ஏறினோம்.

அஞ்சலை மட்டும் பாலத்தில் ஏறவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வழக்கம்போலக் கழியில் இறங்கினாள். தண்ணீர் முழங்காலுக்குத்தான் இருந்தது. மெதுவாக, பாலத்தின் நிழலை ஒட்டியே, மகள் மேலே போகப்போக இவள் கீழே நடந்தாள்.

மேலிருந்து எம்.எல்.ஏ. எட்டிப் பார்த்தார். "ஏம்மா, அதான் பாலம் வந்துடுச்சே! இன்னும் எதுக்குத் தண்ணில நடக்கிற? மேல வா!"

அஞ்சலை நிமிர்ந்தாள்.

"நீங்க போங்க ஐயா. சின்னவ மேல வர்றா. பெரியவ கூட நான் வர்றேன்."

மந்திரி, எம்.எல்.ஏ., நாங்கள் எல்லோருமே கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, அவள் அக்கரை ஏறும்வரை நின்றோம்.